விட்டுவைத்த வெள்ளை

சாயமேறிய சட்டையின் மேல் பல வண்ணப் படமொன்றைத் திரையச்சில் பதிப்பவர் முதலில் பூசும் நிறம் வெள்ளை. படத்தில் வெள்ளை எங்குமே இல்லாதிருக்கலாம். சிவப்பும் மஞ்சளும் நீலமும் மட்டுமே இருக்கலாம். ஆயினும் அம்மூன்றுக்கும் அடியில், படத்தின் உருவம் முழுவதையும் நிரப்பியபடி, ஒரு வெள்ளைப் படலம் இருந்தாக வேண்டும். ‘டை அண்ட் டை’ என்று கடைகளில் வழங்கும் முடிச்சுச்சாயச் சட்டைக்கு இது இன்னும் பொருந்தும். ஒரே சட்டையில் ஊதாவும் மயில்நீலமும் மஞ்சளும் சுழன்று கிடக்கும். அடிப்படலம் இல்லாமல் சிவப்பு மையை அதன்மேல் இழுத்தால், மஞ்சளில் விழுந்த சிவப்பு செம்மஞ்சளாகவும், மயில்நீலத்தில் விழுந்தது பழுப்பாகவும், ஊதாவில் விழுந்தது இருந்த இடம் தெரியாமலும் போகும். ஒரு முகத்தை அச்சிட்டால் நெற்றி ஒரு நிறம், கன்னம் வேறு நிறம்.

ஆகவே பட்டறைகளில் ‘ஒயிட் பேஸ்’ என்றழைக்கப்படும் அந்த வெள்ளை முதலில் இறங்குகிறது. அதற்குரிய திரையின் வலைக்கண் சற்றுப் பெரியது. அங்குலத்துக்கு 110 முதல் 160 இழை வரை. கண் பெரிதானால்தான் மை தடிப்பாக இறங்கும். டைட்டானியம் டை ஆக்சைடு கலந்த பிளாஸ்டிசால் மை காற்றில் உலராது, வெப்பம் வேண்டும். எனவே வெள்ளையைப் பதித்ததும் மேலே ஒரு சூட்டுப் பலகையைச் சில விநாடிகள் நிறுத்தி, தொட்டால் ஒட்டாத பதத்துக்குக் கொண்டுவருவர். அப்பதம் தப்பி முழுவதும் வெந்துவிட்டால் அடுத்த மை அதன்மேல் சரியாகப் பிடிக்காது. பிறகு ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு திரை. நிறங்கள் அனைத்தும் இறங்கிய பின் ஏறத்தாழ 160 பாகை செல்சியஸ் வெப்பத்தில் இறுதி வேக்காடு. இதில் ஒரு நுட்பம் உண்டு. வெள்ளையின் உருவத்தை மேலே வரும் நிறத்தின் உருவத்தைவிட மயிரிழை அளவு சுருக்கி வரைந்துகொள்வர். இல்லையேல் திரைகள் சிறிது விலகினாலும் வெள்ளை ஓரமாக எட்டிப் பார்த்துவிடும். முடிச்சுச்சாயச் சட்டையில் அந்த விலகல் எளிதில் நேரும். ஏற்கெனவே முறுக்கி, கட்டி, நனைத்து, வெந்நீரில் அலசி எடுத்த சட்டை அது. ஒன்று சுருங்கிய அளவுக்கு மற்றொன்று சுருங்கியிருக்காது, தையல் ஒருபக்கம் சாய்ந்திருக்கும். நூறு சட்டையும் மேசையில் நூறு விதமாகப் படியும்.

இத்தனை பாடுபட்டு அந்த வெள்ளை செய்வது என்ன? அடியிலிருந்த சாயத்தை, படம் வரும் இடத்தில், முழுவதுமாக மறைக்கிறது. சட்டையின் அழகு எதனால் வந்ததோ அதை மூடிவிட்டுத்தான் அச்சு தொடங்க வேண்டியிருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், அந்தச் சட்டையில் ஏற்கெனவே வெள்ளை இருக்கிறது. நூலை இறுக்கிக் கட்டிய இடங்களில் சாயம் புகாமல் நின்ற வெள்ளை. அதை யாரும் பூசவில்லை. துணிக்குரிய வெள்ளையை ஒரு கை காத்து விட்டுவைத்தது. விட்டுவைத்த வெள்ளை, பூசிய வெள்ளை என்ற இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டில் தென்னிந்தியச் சாயத்தொழிலின் வரலாறு பெரும்பகுதி அடங்கிவிடுகிறது. அதைப் பார்க்க ஏற்ற இடங்களுள் ஒன்று நாயுடுபேட்டை வழியாக ஓடும் ஆற்றின் கரை.

சுவர்ணமுகி என்று இன்று வழங்கும் அந்த ஆற்றைச் சேக்கிழார் பொன்முகலி என்பார். சந்திரகிரிப் பக்கத்து மலைகளில் பிறந்து, திருப்பதியை அடுத்து வந்து, கண்ணப்பர் வழிபட்ட காளத்தியைத் தொட்டு, நாயுடுபேட்டையைக் கடந்து வங்கக் கடலில் சேர்கிறது. 2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி மாவட்டம் உருவானபோது சித்தூரிலிருந்து காளத்தியும் நெல்லூரிலிருந்து நாயுடுபேட்டையும் அதனுள் வந்தன. ஆறு அவ்விரண்டையும் எப்போதோ ஒரே நூலில் கோத்திருந்தது. காளத்தி கலம்காரித் துணிக்கு அந்த நீர்தான் ஆதாரம். ‘நீர் இல்லையேல் நிறம் இல்லை’ என்பது அத்தொழிலில் வெறும் அலங்காரப் பேச்சாகாது.

காரணம் வேதியியல் சார்ந்தது. காளத்தித் துணியில் சிவப்பை யாரும் சிவப்பாகத் தீட்டுவதில்லை. கஞ்சி நீக்கிய பருத்தித் துணியைக் கடுக்காய்ச் சாறும் எருமைப்பாலும் கலந்த நீரில் தோய்த்துக் காயவைப்பர். பாலின் கொழுப்பு மை பரவாமல் தடுக்கும். கடுக்காயின் துவர்ப்பு பின்னால் வரும் இரும்பைப் பற்றிக்கொள்ளும். புளியங்குச்சியைச் சுட்ட கரியால் உருவை எழுதி, அதன்மேல் கலத்தால் கோடிழுப்பர். கலம் என்பது மூங்கில் குச்சியின் ஒரு முனையைச் சீவி, நடுவில் கம்பளியோ துணியோ சுற்றி நூலால் இறுக்கிய எழுதுகோல். சுற்றிய பகுதியை விரலால் அழுத்த, மை வேண்டிய அளவு இறங்கும். கோட்டுக்கான கருமை, துருவேறிய இரும்பையும் வெல்லத்தையும் நீரில் போட்டு வாரக்கணக்கில் புளிக்கவைத்த கரைசல். கலத்தில் அது பெரிதாகக் கறுத்துத் தெரியாது. துணியிலிருக்கும் கடுக்காயைத் தொட்ட கணத்தில்தான் கறுக்கிறது. அடுத்து, சிவப்பு வேண்டிய இடங்களில் படிகார நீரைத் தீட்டுகிறார்கள். தீட்டிய துணியைக் காயவிட்டு ஆற்றுக்குக் கொண்டுபோகிறார்கள். மிச்சப் படிகாரத்தை ஓடும் நீரே அடித்துக்கொண்டு போக வேண்டும். தேங்கிய நீரில் அலசினால் கரைந்த படிகாரம் துணியின் வேறிடத்தில் உட்கார்ந்துகொள்ளும். பிறகு அந்த இடமும் சிவந்துவிடும். அலசிய துணியைச் சாயவேர் போன்ற செந்நிறம் தரும் சரக்கோடு கொப்பரையில் கொதிக்கவைத்தால், முழுத்துணியும் கொப்பரையில் கிடந்தாலும் படிகாரம் இருந்த இடம் மட்டுமே சிவப்பை நிலையாகப் பற்றும். மற்ற இடத்தில் ஏறிய மங்கலான கறையைச் சாண நீரிலும் வெயிலிலும் போட்டு வெளுத்து எடுப்பர். மஞ்சளும் அதன்பின் பிற நிறங்களும் இதற்கு அடுத்த கதை.

இதில் கவனிக்க வேண்டியது, கலைஞரின் உழைப்பில் பாதி நிறம் ஏற்றுவதிலும் மறுபாதி நிறம் ஏறாமல் காப்பதிலும் போகிறது என்பதே. சோழமண்டலக் கரையின் பழைய துணிகளில் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். அவுரி நீலத்தைப் படிகாரத்தால் வரவழைக்க முடியாது. துணியைத் தொட்டியில் முக்கியாக வேண்டும். எனவே நீலம் வேண்டாத இடம் முழுவதையும் உருக்கிய மெழுகால் மூடி, பின்பே முக்கினார்கள். சிவப்புப் பூவிதழின் உள்ளே மெல்லிய வெள்ளைக் கோடுகள் தேவையானால், படிகாரம் தீட்டுமுன் அக்கோடுகளை மெழுகால் எழுதினார்கள். நூலால் கட்டுவதும் மெழுகால் மூடுவதும் ஒரே சிந்தனையின் இரண்டு கருவிகள். முடிச்சுச்சாயமும் கலம்காரியும் தோற்றத்தில் எவ்வளவு தொலைவில் இருந்தாலும், ‘எங்கே ஏறக்கூடாது’ என்ற கேள்வியிலிருந்துதான் இரண்டும் புறப்படுகின்றன.

இதற்கு அருமையான சான்றொன்று பாரிசில் இருக்கிறது. 1734 வாக்கில் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி ஆந்துவான் தெ போலியூ, பாரிசிலிருந்த வேதியியலாளர் துஃபேயின் வேண்டுகோளுக்கிணங்க, புதுச்சேரியில் ஒரு துணிக்கு வண்ணம் ஏற்றும் பணியை முழுவதும் அருகிருந்து பார்த்தார். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் துணியில் ஒரு துண்டை வெட்டி எடுத்துக் குறிப்போடு சேர்த்தார். பதினொரு துண்டுகள். பிரான்சின் தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் அவை உள்ளன. 1742-இல் ஏசுசபைப் பாதிரியார் கேர்து தமது நீண்ட கடிதத்தில் அதே முறையை எழுதினார். இவை அறிவு வேட்கையால் மட்டும் எழுதப்பட்டவை அல்ல என்பதைச் சொல்லத் தேவையில்லை. இந்தியச் சித்திரத் துணி 1686 முதலே பிரான்சில் தடைசெய்யப்பட்டிருந்தது. இங்கிலாந்து 1700-இலும் பின்னர் 1721-இலும் சட்டத்தால் அதைத் தடுத்தது. வாங்குவதைத் தடுத்தவர்கள் செய்முறையைக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார்கள். பிரெஞ்சுத் தடை 1759-இல் நீங்கியது. மறு ஆண்டே ஓபர்காம்ப் என்பவர் வெர்சாய் அருகே ழூயி என்ற ஊரில் அச்சுத்துணித் தொழிலைத் தொடங்கினார். கலத்தின் இடத்தை அச்சுக்கட்டையும், அதன்பின் செப்புத் தகடும் உருளையும் எடுத்துக்கொண்டன. 1907-இல் மான்செஸ்டரில் சாமுவேல் சைமன் பட்டுத்திரை முறைக்குக் காப்புரிமை பெற்றார். வேகம் கூடக் கூட, காப்பதற்கான உழைப்பு குறைந்துகொண்டே வந்து, பூசுவது மட்டும் எஞ்சியது.

அந்த நகர்வின் கடைசிக் கட்டம் நடந்துகொண்டிருப்பதைத் தமிழகத்திலேயே பார்க்கலாம். முடிச்சுச்சாயத்துக்கென்றே பெயர்பெற்ற மதுரையில். நாயக்கர் காலத்தில் அங்கே நிலைகொண்ட சௌராஷ்டிரர் சமூகத்தோடு பிணைந்தது சுங்குடி. மென்மையான பருத்திச் சேலையை மடித்து, புள்ளியிட்டு, ஒவ்வொரு புள்ளியிலும் துணியை நகநுனியால் கிள்ளி உயர்த்தி நூலால் சுற்றி இறுக்குவர். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான முடிச்சுகள். வீட்டுத் திண்ணையிலும் கூடத்திலும் அமர்ந்து பெண்கள் செய்த வேலை. கூலி முடிச்சுக் கணக்கில். சாயத்தில் முக்கி, காயவைத்து, முடிச்சை இழுத்து அவிழ்த்தால் ஒவ்வொன்றும் ஒரு வெள்ளைப் புள்ளி. வட்டமாகத் தோன்றும், உற்றுப் பார்த்தால் எதுவும் வட்டமில்லை. பல புள்ளிகளின் நடுவில் ஊசிமுனை அளவு நிறம் இருக்கும். நூலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த துணிநுனி குடித்த சாயம் அது.

முதலில் மெழுகு அச்சு வந்தது. அதுவும் காக்கும் முறையே என்பதால் மரபுக்குப் பெரிய பகை என்று சொல்ல முடியாது. முடிச்சு போட்ட விரல்களின் வேலையை மட்டும் கட்டை எடுத்துக்கொண்டது. பிறகு திரையச்சு வந்தது. திரையில் புள்ளியும் பூவும் மயிலும் எத்தனை நிறத்திலும் வரும். நாள்கணக்கில் முடிச்சு விழுந்த சேலை, நீண்ட மேசையில் நிமிடக்கணக்கில் முடிந்துவிடுகிறது. மதுரைச் சுங்குடி 2005-இல் புவிசார் குறியீடு பெற்றது. காளத்திக் கலம்காரிக்கும் ஏறத்தாழ அதே காலத்தில் அது கிடைத்தது. ஆனால் புவிசார் குறியீடு பெயரைக் காக்கும். தோற்றத்தைக் காக்க அதனால் முடியாது. ‘கலம்காரி டிசைன்’, ‘சுங்குடி டிசைன்’ என்று எழுதி விற்கும் துணியை எந்தப் பதிவேடும் தடுக்கவில்லை. அந்த ‘டிசைன்’ என்ற ஒரு சொல் செய்யும் வேலை அசாதாரணமானது. செய்முறையின் பெயராக இருந்ததை அது தோற்றத்தின் பெயராக்கிவிடுகிறது. கலம்காரி என்றால் கலத்தால் செய்த வேலை என்றுதான் பொருள். கலமில்லாத கலம்காரி, முடிச்சில்லாத சுங்குடி! இவ்வரிசையின் உச்சம், முடிச்சுச்சாயத்தின் சுழலையும் கசிவையுமே படமெடுத்துத் துணியில் அச்சிட்டு ‘டை அண்ட் டை’ என்று விற்கும் சட்டை.

இங்கே அச்சுக்காரரைக் குற்றவாளியாக்குவது எளிது, நியாயமும் அன்று. திரையச்சு வென்றதற்கு விலை ஒரு காரணம், நீர் மற்றொரு காரணம். இரண்டாவதை ஆய்வாளர்கள் போதிய அளவு பேசுவதில்லை. பொன்முகலி ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் ஆறு. படிகாரத்தை அடித்துச் செல்ல ஓடும் நீர் வேண்டும் ஒரு தொழில், ஓடாத ஆற்றின் கரையில் எப்படி நிலைக்கும்? பிளாஸ்டிசால் அச்சுக்குத் துணியை அலச வேண்டிய தேவையே இல்லை, சூடு போதும். அதே சமயம், முடிச்சுச்சாயச் சட்டையின் அடிச்சாயமோ நீரைக் குடிக்கும் வேலை. 1956-இல் ஐ.சி.ஐ. நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த புரோசியான் வகைச் சாயங்கள் பருத்தி இழையோடு வேதிப் பிணைப்பு கொள்பவை. சோடா உப்புப் போட்ட தண்ணீரிலேயே, கொதிக்கவைக்காமல், பற்றிக்கொள்ளும். ஆனால் பற்றாமல் தங்கிய மிச்சச் சாயத்தை அலசி அலசித்தான் வெளியேற்ற முடியும். அதைச் சரியாகச் செய்யாத சட்டை, முதல் சலவையிலேயே தன் வெள்ளையை இழந்துவிடும். அலசிய நீர் எங்கே போகும் என்பதற்குத் திருப்பூர் விடை சொல்லும். நொய்யலில் கலந்த சாயக்கழிவு தொடர்பாகச் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த ஆணையால் 2011 ஜனவரி இறுதியில் அங்கே நூற்றுக்கணக்கான சாய, சலவை ஆலைகள் மூடப்பட்டன. கைவினையின் பெயரால் செய்தாலும் தொழிற்சாலையில் செய்தாலும் சாயத்துக்கு நீர்க்கணக்கு ஒன்று இருக்கிறது. பழைய சாயவேருக்கும் கொப்பரைக்கும் விறகுக்கும்கூட அது பொருந்தும்.

பூசிய வெள்ளையைத் தவிர்க்க அச்சுத் தொழிலே கண்டுபிடித்த வழியொன்று உண்டு, ‘டிஸ்சார்ஜ்’ அச்சு. துத்தநாகமும் ஃபார்மால்டிஹைடும் சேர்ந்த ஒரு சல்ஃபாக்சிலேட்டுச் சேர்மத்தை மையில் கலந்து பதித்துச் சூடேற்றினால், அந்த இடத்தில் அடிச்சாயம் சிதைந்துபோகும். மையிலுள்ள நிறம் மட்டும் தங்கும். தொட்டுப் பார்த்தால் கைக்குப் படலம் தட்டுப்படாது. துணி துணியாகவே இருக்கும். கேட்பதற்கு மிக நேர்த்தி. ஆனால் எல்லாச் சாயமும் சிதைவதற்கு இணங்குவதில்லை. மயில்நீலம் தரும் தாலோசயனின் வகைச் சாயம் பெரும்பாலும் அசையாது. ஊதாவைக் கலந்த சாயங்களில் ஒன்று போய் மற்றது நின்றுவிடும். ஆகவே முடிச்சுச்சாயச் சட்டையில் டிஸ்சார்ஜ் அச்சை இழுத்தால், அங்கங்கே வெளுத்து, அங்கங்கே நீலம் பூத்து, எவரும் திட்டமிடாத ஒரு நிலவரைபடம் கிடைக்கும். வேலை நடக்கும்போது எழும் நெடியும் ஃபார்மால்டிஹைடும் காற்றோட்டமில்லாத சிறு பட்டறைகளில் அங்கே நிற்பவரின் மூச்சுக்குள் போகின்றன என்பதைச் ‘சூழலுக்கு இசைந்த மென்மையான அச்சு’ என்ற விளம்பரங்கள் சொல்வதில்லை.

ஆக, முடிச்சுச்சாயத்தின் மேல் பல வண்ண அச்சு என்பது செய்யவே கூடாத காரியமா? அப்படித் தோன்றவில்லை. காளத்தியிலேயே அதற்கு ஒரு குறிப்பு இருக்கிறது. அங்கே முதலில் விழுவது கருங்கோடு. உருவத்தைத் தாங்குவதும் அதுவே. எந்த நிறத்தின் மேல் விழுந்தாலும் கருமை கருமைதான். அதற்கு அடிப்படலம் தேவையில்லை. படத்தின் கருங்கோட்டை மட்டும் நேரே சாயத்தின்மேல் பதித்து, கோட்டுக்குள் வரும் நிறத்தைச் சட்டையின் சாயத்திடமே விட்டுவிட்டால், ஒவ்வொரு சட்டையிலும் அதே மயிலுக்கு வேறு தோகை வரும். வெள்ளைப் படலத்தைக் கண், பூவின் மையம் போன்ற சில இடங்களுக்கு மட்டும் ஒதுக்கி, அவற்றின்மேல் ஒன்றிரண்டு நிறங்களை ஏற்றினால் போதும். திரைகள் குறையும், மை குறையும், படலத்தின் கனம் குறையும். சட்டை நெஞ்சில் தகடு கட்டியதுபோல் இருக்காது. முடிச்சு போட்டவரின் வேலையும் மறையாது. இப்படிச் செய்யப் படத்தை வரைபவர் சாயமிட்ட சட்டையை முன்னே வைத்துக்கொண்டு வரைய வேண்டும். கணினித் திரையில் வெண்பரப்பின் மேல் வரைந்து அனுப்பப்படும் படத்துக்குத்தான், அந்த வெண்பரப்பைத் துணியிலும் உண்டாக்கித் தரவேண்டிய கட்டாயம் ஏற்படுகிறது.

1950களின் பிற்பகுதியில் கமலாதேவி சட்டோபாத்யாயவின் முயற்சியால் காளத்தியில் பயிற்சி மையம் தொடங்கியபோது, அந்தக் கலையை அறிந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவிலேயே இருந்தனர். அந்த மரபிலிருந்து வந்த ஜொன்னலகட்ட குருப்பா செட்டிக்கு 2008-இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. கலம் அங்கே தப்பிப் பிழைத்துவிட்டது. கோயில் திரைச்சீலையிலிருந்து சேலைக்கும் சுவர்த்துணிக்கும் நகர்ந்து பிழைத்தது. சுங்குடி முடிச்சுக்கு அத்தகைய உறுதி இன்னும் கிட்டவில்லை. கடையில் இரண்டையும் பிரித்தறிய நிபுணத்துவம் வேண்டியதில்லை. துணியைத் திருப்பினால் போதும். முடிச்சுப் புள்ளி இருபுறமும் ஒன்றாக இருக்கும். நிறமிப் பசையால் அச்சிட்ட புள்ளி மறுபுறத்தில் மங்கும், அல்லது இராது. சுங்குடியின் உறவுத்தொழிலான பந்தனியை விற்கும் குஜராத் கடைகளில் இன்னொரு வழக்கமும் உண்டு. சாயமேற்றிய துணியை முடிச்சு அவிழ்க்காமல், சுருங்கிக் குறுகிய நிலையிலேயே எடுத்துப் போடுவார்கள். விலை படிந்ததும் இரண்டு பேர் ஆளுக்கொரு ஓரத்தைப் பற்றி இழுப்பார்கள். நூல்கள் படபடவென்று தெறித்து விழ, அதுவரை மடிப்புக்குள் இருந்த வெள்ளைப் புள்ளிகள் வாங்குபவரின் கண்ணெதிரே வரிசையாகத் திறக்கும்.